கயித்துக்கு அந்தப் பக்கம்

மூக்கைப் பொத்தாதீங்க்கா. பொத்தோணும்னா ஜன்னலைச் சாத்திட்டுப் பொத்துங்க. தெறந்து வெச்சுக்கிட்டு, பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்கறப்ப பொத்துனா அது நாத்தத்துக்குப் பொத்தற மாதிரித் தெரியாது பாருங்க.

கோவிச்சுக்காதீங்க, என் வாய் அப்படித்தான். காலேஜ்லயே எனக்கு 'அப்ஜெக்சன் நிரோஷா'ன்னு பேரு. சட்டக் கல்லூரி, ரெண்டாவது வருசம். வண்டி கெளம்ப இன்னும் இருவது நிமிசம் ஆகுமுங்க. கண்டக்டர் அங்க போண்டா திங்கறாரு பாருங்க, அதை முடிச்சு, டீ குடிச்சு, பல்லுக் குத்தி, அப்பறந்தான் விசிலு.

இதுங்களா? பிளெக்ஸு. ஆறடி. கோயமுத்தூர்ல கருத்தரங்கம், 'தொழிற்சங்கமும் சாதி ஒழிப்பும்'னு தலைப்பு. நான் பேசறேன். எங்க ஊரு போராட்டத்தைப் பத்தி. செயிச்ச போராட்டமுங்க. பேப்பர்ல போட்டோவோட வந்துது.

உங்ககிட்ட ஒரு ஞாயம் கேக்கோணும். நீங்க வெளியூரு, எங்களை முன்னப்பின்ன தெரியாது, அதனால நேர்மையாச் சொல்லுவீங்க. எங்கம்மா எங்கூடப் பேசி நாலு மாசம் ஆச்சு. சோறாக்கறா, தட்டுல போடறா, தட்டை என் பக்கமாத் தள்ளி வெக்கறா. பேச்சில்ல. காச்சல்ல கெடந்தேன், நெத்தியில துணி போட்டா, அப்பயும் பேச்சில்ல. பெத்த புள்ளைகூட அப்படி இருக்கலாமுங்களா? முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்க ஊரு மேட்டுல இருக்குது, எங்க காலனி பள்ளத்துல. நடுவுல இதே சாக்கடை, இதே நாத்தம். பஸ் ஸ்டாண்டைச் சுத்தி வந்து, ரோட்டுப் பாலத்துக்கடியில பூந்து, எங்க வூடுகளை ஒட்டிப் போய் ஓடையில சேருது. காலனியில எண்பது வூடு. பாதிக்கு மேல நகராட்சியில கூட்டறவங்க, அள்ளறவங்க, எல்லாம் காண்ட்ராக்ட். எங்கம்மா செல்லி பதினாலு வருசமாக் காண்ட்ராக்ட். எங்க மயிலாத்தா அத்தை பத்தொம்பது வருசம்.

சங்கம்னு ஒண்ணு இருக்குதுங்க. அதுல டிரைவருங்க, தண்ணி தொறந்து விடறவங்க, எங்க சனம், எல்லாருமே மெம்பர்தான். ஆனா கூட்டம்னா எங்காளுக பின்னாடி நிப்பாங்க. கொடி கட்ட, ஜமுக்காளம் விரிக்க, முடிஞ்சதும் கூட்ட. செயலாளர் நாச்சிமுத்து அண்ணன், பம்பு ஆப்பரேட்டர். இருவது வருசத்துல ஒருநாள் காலனிக்குள்ள வந்ததில்ல. நான் லீவுல வந்தப்ப நேரா ஆபீசுக்கே போயிட்டேன்.

"நிரந்தரம் பண்ணச் சொல்லி மனு மனுவாக் கொடுக்கறீங்களே அண்ணா, எவனாச்சும் படிச்சானா?"ன்னேன்.

"நீ யாரும்மா?"

"செல்லி மக. நீங்க பம்பை நிறுத்துனா லாரியில தண்ணி வரும். டிரைவர் வண்டிய நிறுத்துனா இன்னொரு டிரைவர் வருவான். எங்காளுக வெளக்கமாத்தைக் கீழ போட்டா அதைத் தொட்டு எடுக்க எவன் வருவான்? உங்க சங்கத்துக்கு இருக்கற ஒரே ஆயுதம் எங்க சாதிதான். அதைப் பின்வரிசையில நிக்க வெச்சிருக்கீங்க."

அவரு அப்படியே என்னைப் பாத்தாரு. "பொண்ணு நல்லாப் பேசுதுடோய்"ன்னாரு பக்கத்துல இருந்தவருகிட்ட. மறு ஞாயித்துக்கெழமை காலனிக்கு வந்துட்டாருங்க! கொடியோட. எங்க மாரியம்மன் கோயில் முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்தாரு. எங்க சனத்துக்கு நம்பவே முடியல. நான் டீ கொண்டாந்து நீட்டுனேன். "சுகரும்மா, டாக்டர் ஒண்ணும் குடிக்கக் கூடாதுன்னுட்டாரு"ன்னு சொல்லிக் கையோட கொண்டாந்த பாட்டில் தண்ணியக் குடிச்சாரு. பாவம், ஒடம்பு முடியாத மனுசன் அவ்வளவு தூரம் வந்தாரு பாருங்க.

அந்தக் கூட்டத்துலதான் எங்க அத்தை எந்திரிச்சா.

எங்க அத்தை வாயும் என் வாய் மாதிரிதான். என் வாயே அவகிட்ட இருந்து வந்ததுன்னு எங்கப்பா சொல்லுவாரு. அவரு தங்கச்சி. குட்டை உருவம், கடப்பாரை தூக்குனா ஆம்பளை தோத்துருவான்.

"ஸ்ட்ரைக்கு பண்ணுங்க. எனக்கும் நெரந்தரம் வேணும், சாவறதுக்குள்ள ஒரு மாசமாச்சும் அந்த ரிஜிஸ்டர்ல என்ற பேரைப் பாக்கோணும். ஆனா பாலத்துக் கண்ணை யாரு பாப்பாங்க?"ன்னா.

உங்களுக்குப் புரியாது, சொல்றேன். அந்தப் பாலத்துக்கு அடியில தண்ணி போற வழி மூணு கண்ணு. ரெண்டு தானாப் போவும். மூணாவது கண்ணு ஓரத்துல இருக்கறதால ஊர்க் குப்பை பூராம் அதுலதான் வந்து அடைக்கும். அது அடைச்சா தண்ணி திரும்பிரும். மேட்டுக்கா போவும்? எங்க தெருவுக்கு வந்துரும். வாரத்துக்கு ரெண்டுவாட்டி எங்க அத்தையும் எங்கம்மாவும் போய்க் குத்திவிடுவாங்க. அதுக்கு ரெண்டு பேர் வேணுங்க. ஒருத்தி இடுப்புல கயித்தைக் கட்டிக் கீழ எறங்கோணும், ஒருத்தி கரையில நின்னு கயித்தைப் புடிக்கோணும். அடைப்பு விடறப்ப தண்ணி ஒரே இழுப்பா இழுக்கும். மேல இருக்கறவ அந்த நேரத்துல வெடுக்குனு தூக்கிரோணும். பதினாலு வருசத்துல எறங்கறது எப்பவும் அத்தை, புடிக்கறது எப்பவும் எங்கம்மா. வேற யாரையும் புடிக்க விட மாட்டா. "செல்லி கையி தூங்காது"ம்பா.

"அந்த ஒரு கண்ணை மட்டும் நானும் செல்லியும் பாத்துக்கறோம். அது முனிசிபாலிட்டி வேலை இல்ல சாமி, நம்ம வூட்டு வேலை"ன்னா அத்தை.

எல்லாரும் நாச்சிமுத்து அண்ணனைப் பாத்தாங்க. அவரு, "இதை நான் சொல்லக் கூடாது. உங்க புள்ளையே முடிவு பண்ணட்டும்"னு என்னைக் கை காட்டுனாரு. எவ்வளவு பெரிய ஜனநாயகம் பாருங்க!

நான் எந்திரிச்சேன். "ஒரு கண்ணுன்னு ஆரம்பிப்பீங்க, அப்பறம் ஒரு தெரு, அப்பறம் ஒரு ஆஸ்பத்திரி. வேலைநிறுத்தம்னா எல்லா வேலையும் நிறுத்தம். நாத்தம் அடிச்சாத்தான் அவங்களுக்கு உறைக்கும். இல்லைங்கறவங்க இப்பவே சொல்லிருங்க"ன்னேன். கை தட்டுனாங்க பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குது. நாச்சிமுத்து அண்ணனே தட்டுனாரு. எங்க அத்தை மட்டும், "தட்டுங்க தட்டுங்க, தண்ணி வந்தா அதே கையில மோந்து ஊத்துங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா.

ஸ்ட்ரைக்கு ஆரம்பிச்சு மூணாம் நாளு. வெடியால ஆறு மணி இருக்கும். ஊரே குப்பையா நாறுது, எனக்கு அவ்வளவு சந்தோசம். பாலத்துப் பக்கம் போனா, எங்க அத்தை மூணாங் கண்ணுல நின்னு குத்திக்கிட்டிருக்கா. இடுப்பளவு சாக்கடை. மேல கரையில எங்கம்மா.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுதுங்க. நான் மேடையில நின்னு பேசறேன், என் வூட்டு ஆளே போய்க் குத்தறா! போனை எடுத்து ஒரு போட்டோ புடிச்சேன். கடப்பாரையோட அத்தை, இடுப்புல கயிறு, கயிறு மேல போயி, ஓரத்துல எங்கம்மா கையி. மூஞ்சி விழல, கை மட்டும். பச்சைக் கண்ணாடி வளையலு.

அதைக் காலனி குரூப்புல போட்டேன். 'கருங்காலி' அப்படீன்னு ஒரே வார்த்தை எழுதி.

எங்கம்மா கையிங்களா? வெட்டிட்டேன். போட்டோவுல ஓரத்தை வெட்டறது ஒரு நிமிச வேலைதானே. ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? போராட்டத்தை முன்னெடுக்கறவ அம்மாவே கருங்காலின்னா போராட்டமே கவுந்துராதா? அது எங்கம்மாவுக்காகப் பண்ணது இல்லீங்க. போராட்டத்துக்காக.

சாயந்தரம் கோயில் முன்னாடி எல்லாரும் கூடுனாங்க. என்ன பண்ணலாம்னு கேட்டாங்க. சட்டம் படிக்கறவ நாந்தானே. ஸ்ட்ரைக்கு முடியற வரைக்கும் அவங்க வூட்டுல யாரும் கை நனைக்கக் கூடாது, வேலைக்குத் தொணை போகக் கூடாது, கொழாயில எல்லாரும் புடிச்சப்பறம் கடைசியாத்தான் அவங்க கொடம் வெக்கோணும்னேன். வேற கொடம் மேல அவங்க கொடம் படக் கூடாதுன்னு ஒருத்தரு சேத்துக்கிட்டாரு. சரின்னேன்.

எங்க அத்தை சிரிச்சா. கோயில் முன்னாடி நின்னு வாய் விட்டுச் சிரிக்கறா.

"ஏ நிரோசா, இதையத்தாண்டி மேட்டுல எங்கம்மாளுக்குப் பண்ணுனாங்க. கொடந் தனி, வரிசை தனி. நீ வக்கீலுக்குப் படிச்சுப்போட்டு அதையேவா பஸ் ஏத்திக் கூட்டியாந்தே?"

"அது சாதி அத்தை. இது ஒழுங்கு நடவடிக்கை"ன்னேன்.

"கொடத்துக்கு வித்தியாசம் தெரியுமாடி?"ன்னா.

எல்லாத்துக்கும் ஒரு நக்கல். வித்தியாசம் உங்களுக்குப் புரியுதுதானுங்களே? ஒண்ணு பொறப்புல வர்றது, இன்னொண்ணு செஞ்ச தப்புக்கு வர்றது. தெளிவாத்தானே இருக்குது.

இன்னொண்ணு கேளுங்க. "செல்லியுந்தாண்டி எங்கூட வந்தா"ன்னு அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கம்மா அங்கதான் நின்னா, கூட்டத்துல, மாராப்பால வாயப் பொத்திக்கிட்டு. அத்தை அவளைப் பாக்கவே இல்ல. வேற பக்கமாப் பாத்துக்கிட்டுக் கொடத்தைத் தூக்கிட்டுப் போயிட்டா. எதுத்துப் பேசலீன்னா தப்பை ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்?

வூட்டுக்கு வந்ததும் எங்கம்மா கெளம்பறா, அத்தை புருசன், எங்க மாமனுக்கு ரசம் எடுத்துக்கிட்டு. எங்க மாமனுக்குப் பக்கவாதம், ஒரு கையும் காலும் வராது. நான் கதவை மறிச்சு அவ கையப் புடிச்சு என் தலையில வெச்சுக்கிட்டேன். "இனிமே நீ அந்தக் கயித்தைத் தொட்டா, நான் காலேஜ விட்டுட்டு நாளைக்கே வெளக்கமாறு எடுக்கறேன். என் மேல சத்தியம் பண்ணு"ன்னேன். நான் வெளக்கமாறு புடிக்கக் கூடாதுங்கறதுக்குத்தானே அவ பதினாலு வருசமாப் புடிச்சா. சத்தியம் பண்ணுனா.

எட்டு நாள் ஓடிருச்சு. நகராட்சி மசியல. அதுல ஒரு வேடிக்கை, நாச்சிமுத்து அண்ணன் தெரு மட்டும் சுத்தமா இருந்துது. கேட்டதுக்கு, எங்க தெருக்காரங்க அவங்கவங்க வாசலை அவங்களே கூட்டிக்கறாங்கன்னாரு. அந்த மாதிரி விழிப்புணர்வு எல்லாத் தெருவுலயும் வரோணும்னு அன்னிக்கே மைக்குல சொன்னேன்.

ஒம்பதாம் நாளு மத்தியானம் மழை புடிச்சுது. ஊர்ல ஒம்பது நாள் குப்பை. அத்தனையும் அடிச்சுக்கிட்டு வந்து மூணாங் கண்ணுல ஒக்காந்துக்கிச்சு. காலனி சனம் பூராம் நகராட்சி ஆபீஸ் முன்னாடி தர்ணாவுல. எனக்குத் தொண்டை கட்டிருச்சு, அம்மாளைக் கூட்டிக்கிட்டு வூட்டுக்கு வந்திருந்தேன் சுடுதண்ணி குடிக்க. வாசப்படியில தண்ணி ஏறுது. சாதாரணத் தண்ணியா? அடுப்பு அணைஞ்சு போச்சு. என் புஸ்தகத்தையெல்லாம் கட்டில் மேல தூக்கி வெச்சேன்.

அப்பத்தான் அத்தை வந்தா. கடப்பாரை ஒரு கையில, கயிறு ஒரு கையில. உள்ள வரல. தள்ளி வெச்சதை மதிச்சு வெளியவே, மழையில, முட்டி வரைக்கும் சாக்கடையில நின்னா.

"செல்லீ. வாடி."

எங்கம்மா எந்திரிச்சா. நான் வாசல்ல குறுக்க நின்னேன்.

"அத்தை, தர்ணா நடக்குது. இப்ப நீங்க அடைப்பெடுத்தா நகராட்சி ஜெயிச்சுரும். காலனிக்குள்ள சாக்கடை பூந்துருச்சுன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்தாத்தான் கலெக்டர் வருவாரு."

"கோடி வூட்டுல உன்ற மாமன் கட்டில்ல கெடக்கறாரு. தண்ணி கட்டில் சட்டத்தைத் தொட்டுருச்சு. எந்திரிக்க முடியாத மனுசன் பேப்பர்ல வர்றதுக்கு மொதக்கோணுமாடி?"

அவ எங்கம்மாளைப் பாத்து, "அஞ்சே நிமிசம். கயிறு மட்டும் புடி. போதும்"ன்னா.

எங்கம்மா என்னைத் தள்ளிட்டு வரப் பாத்தா. நான் ஒண்ணும் அடிக்கல, உதைக்கல. மூலையில இருந்த வெளக்கமாத்தை எடுத்துக் கையில புடிச்சுக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான். எங்கம்மா அதைப் பாத்தா. அப்படியே உக்காந்துட்டா.

அத்தை, நாங்க வூட்டுல பேசற தெலுங்குல எங்கம்மாகிட்ட என்னமோ சொன்னா, மழையில எனக்குச் சரியாக் கேக்கல. அப்பறம் போயிட்டா.

கயித்தைக் கரண்டுக் கம்பத்துல கட்டியிருக்கா. கம்பம் புடிக்குமுங்க. தூக்குமா?

கால் மணி நேரம் இருக்கும். சர்ருன்னு ஒரு சத்தம். வூட்டுக்குள்ள கெண்டைக்கால் அளவு நின்ன தண்ணி அப்படியே எறங்குது. வாசப்படி தெரிஞ்சுது, கோலம் போட்ட சிமெண்டு தெரிஞ்சுது. நான் எங்கம்மாகிட்ட, "பாத்தியா, நீ இல்லாமயே முடிஞ்சுருச்சு"ன்னேன்.

அதுதான் நான் அவகிட்டக் கடைசியாப் பேசி அவ காதுல வாங்குனது. அவ எந்திரிச்சு ஓடுனா. பொடவை தடுக்கித் தடுக்கி, பாலத்துக்கு.

கண்ணுக்கு அந்தப் பக்கம் இருந்துதானுங்க எடுத்தாங்க. எங்கம்மாதான் இடுப்புல இருந்த கயித்தை அவுத்தா. ஈரத்துல முடிச்சு எறுகிருச்சு, பல்லால கடிச்சு அவுத்தா. சாக்கடைக் கயிறுங்க, பல்லால. யார் சொல்லியும் அரிவாளால அறுக்க விடல.

அன்னிக்கே கலெக்டர் வந்தாரு. நான் சொன்னது சரியாப் போச்சுங்களா? ரெண்டே நாள்ல ஒப்பந்தம். நாச்சிமுத்து அண்ணன் பொணத்து மேல கொடி போத்தி, 'தோழர் மயிலாத்தாள் உயிர் வீண் போகாது'ன்னு பேசுனப்ப அழுவாத ஆளில்ல. எங்க மாமனைத்தான் நாற்காலியில வெச்சுத் தூக்கியாந்தாங்க. வாய் கோணிப் போனதால அவரு சொன்னது யாருக்கும் வெளங்கல. வர்ற ஒத்தைக் கைய வெச்சுக் கொடியத் தள்ளப் பாத்தாரு. நோயாளி, அவருக்கு என்ன தெரியும்.

ஒப்பந்தத்துல டிரைவருங்க, பம்பு ஆப்பரேட்டருங்க எல்லாம் நிரந்தரம். எங்காளுக? ரெண்டாவது பட்டியலுங்க. 'பின்னர் பரிசீலிக்கப்படும்'னு எழுத்துலயே இருக்குது, நானே படிச்சுப் பாத்தேன். எழுத்துல வர்றதே பெரிய விசயம். கையெழுத்து ஆனதும் நாச்சிமுத்து அண்ணன் ஆபீசுல எல்லாருக்கும் ஜிலேபி ஊட்டிவிட்டு, அவரும் மூணு தின்னாரு. அந்த போட்டோதான் பேப்பர்ல வந்தது. நான் ஓரத்துல நிக்கறேன்.

அன்னையில இருந்து எங்கம்மா பேசறதில்ல. காலனி சனமும் முந்தி மாதிரி இல்ல. நான் கொழாய்க்குப் போனா வழி விட்டு ஒதுங்கிக்கறாங்க. மரியாதை கூடிப்போச்சு போல. பாலத்துக் கண்ணுக்கு வாரம் ரெண்டுவாட்டி எங்கம்மாதான் எறங்கறா. கயிறு புடிக்க நான் போனேனுங்க, போகாம இல்ல. அவ கயித்தைக் கம்பத்துல கட்டிட்டு எறங்கறா. நான் கரையில சும்மா நிக்கறேன்.

சரி, இந்த பிளெக்ஸ். கருத்தரங்கத்துல 'தியாகி மயிலாத்தாள் அரங்கம்'னு பேர் வெக்கறாங்க, அவங்க படம் வேணும்னாங்க. எங்க அத்தைக்குப் போட்டோ ஏது? ரேசன் கார்டுல இருக்கறது எலி கடிச்ச மாதிரி இருக்குது. எங்கிட்ட இருந்த ஒரே போட்டோ அதுதான், மூணாம் நாள் புடிச்சது. நல்ல போட்டோங்க. கடப்பாரைய ஓங்கிக்கிட்டு, ஒரு வீராங்கனை மாதிரி. அன்னிக்கு 'கருங்காலி'ன்னு போட்ட எடத்துல இப்ப 'களப்பலி'. அது தப்பில்லீங்களே? மனுசங்க மாறுவாங்க, போராட்டம் அவங்களை மாத்தும்.

டிசைன் பண்ற பையன்தான், "மேடம், இடுப்புல இருந்து ஒரு கயிறு மேல போயி ஓரத்துல நிக்குது. யார் புடிக்கறாங்கன்னு தெரியல, பாக்க அசிங்கமா இருக்குது, எடுத்துரட்டுமா?"ன்னு கேட்டான். எடுத்துருங்கன்னேன்.

இன்னிக்குக் காத்தால வாசல்ல விரிச்சு வெச்சு எங்கம்மாளைக் கூப்புட்டேன். அவ நாத்தனாருக்கு ஆறடியில படம், இதைப் பாத்தாச்சும் பேசுவான்னுதான். பாத்தரம் வெளக்குன கையோட வந்து குனிஞ்சா. ஒரு வெரலை அத்தை இடுப்புல வெச்சா. அப்படியே மேல இழுத்துக்கிட்டுப் போனா, கயிறு இருந்த வழியில, ஓரம் வரைக்கும். ஓரத்துல வெரல் நின்னுது.

நாலு மாசம் கழிச்சு வாயத் தெறந்தா.

"கயிறு எங்கடி?"

நான் சொன்னேன், பாக்க நல்லா இல்லம்மா, எடுத்துட்டாங்கன்னு. அவ திரும்பப் போய்ப் பாத்தரம் வெளக்கறா. இப்பச் சொல்லுங்க, யாரு மேல தப்பு?

அட, விசிலடிச்சுட்டான். சொல்லிட்டே இருந்ததுல நேரம் போனதே தெரியல. இருங்க, படத்தைக் காட்டறேன், பாத்துட்டுச் சொல்லுங்க. இந்த முனைய நான் புடிச்சுக்கறேன், அந்தப் பக்கம் ஒரு கை வேணும். இந்தாங்க.

ஏனுங்க்கா எந்திரிக்கறீங்க? முன்னாடி சீட்டெல்லாம் வெயிலுங்க. அக்கா, ஒரு நிமிசம். சும்மா புடிக்கத்தானே சொல்றேன்.